குலுக்கலுக்குக் காத்திருப்போர்

மே மாதத்துக் கடைசி வாரம் நெருங்கினால் நமது நாட்டில் பல ஏழைக் குடும்பங்களில் உறக்கம் கெடுவது வழக்கம். கோர்ட்டு வழக்கு ஒன்றுமில்லை, பரீட்சையுமில்லை. மூன்றரை வயதுக் குழந்தையின் பெயரெழுதிய சீட்டொன்று பெட்டியிலிருந்து வெளிவருமா, வராதா என்பதே கவலை. மந்திரிமார்களின் பிரசங்கங்களுக்குப் பத்தி பத்தியாகக் கிடைக்கும் இடம் இந்தக் கவலைக்குப் பத்திரிகைகளில் கிடைப்பது அபூர்வம். ஆதலின் இன்று இதைப்பற்றிச் சில வார்த்தை கூற விரும்புகிறோம்.

2009-ஆம் வருஷத்துக் கட்டாய இலவசக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ந் தேதி முதல் அமுலில் இருந்து வருகிறது. சர்க்கார் உதவி பெறாத தனியார் பள்ளிகளும் தமது ஆரம்ப வகுப்பில் நூற்றுக்கு 25-க்குக் குறையாத இடங்களை அக்கம்பக்கத்து ஏழைக் குழந்தைகளுக்கும் பின்தங்கிய வகுப்பினரின் குழந்தைகளுக்கும் ஒதுக்க வேண்டுமென்று அதன் 12-வது பிரிவு விதிக்கிறது. 2012-இல் சுப்ரீம் கோர்ட்டு இதை ஊர்ஜிதம் செய்தது. சிறுபான்மையோர் பள்ளிகளுக்கு மாத்திரம் அவ்வருஷத்திலும் 2014-லும் விலக்கு அளித்தது. தமிழ்நாட்டில் வருஷ வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குக் குறைந்த குடும்பத்தார் இதன் கீழ் மனுச் செய்யலாம். ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத் திறனாளிக் குழந்தைகள், துப்புரவுத் தொழிலாளரின் குழந்தைகள் ஆகியோருக்கு முதலில் இடம் உண்டு. மற்றவர்களின் மனுக்கள் மிஞ்சியுள்ள இடங்களைவிட அதிகமானால், பெற்றோர் முன்னிலையில் சீட்டுக் குலுக்கி எடுக்கப்படும்.

‘பிள்ளையின் படிப்பைச் சூதாட்டமாக்கலாமா?’ என்று நமது நண்பர் சிலர் சினத்துடன் கேட்கிறார்கள். அவர்கள் சட்டத்தைப் பிரித்துப் பார்க்கவேண்டும். ஒரு குழந்தையைவிட மற்றொன்றை மேலாக வைத்துப் பொறுக்கும் எந்த முறையும், தற்செயலான தேர்வு ஒன்றைத் தவிர, ‘வடிகட்டல்’ என்று அதன் 2-வது பிரிவு பெயரிடுகிறது. 13-வது பிரிவு அந்த வடிகட்டலை முற்றும் தடுக்கிறது. மீறும் பள்ளிக்கு முதல் தடவை 25,000 ரூபாய் வரையிலும், பின்னர் ஒவ்வொரு தடவையும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம். அதாவது, குழந்தையைக் கேள்வி கேட்டும், தகப்பனாரின் உத்தியோகத்தை விசாரித்தும், தாயாரின் ஆங்கிலத்தைச் சோதித்தும் சேர்க்கும் வழக்கத்துக்கு மாற்றாகவே சட்டம் குலுக்கலை வைத்திருக்கிறது. சிபார்சுக் கடிதத்துக்குப் பெட்டிக்குள் வேலையில்லை.

இது நமக்குப் புதிதுமன்று. உத்தரமேரூர்க் கோயிற் சுவர்களில், முதற் பராந்தக சோழன் காலத்தில், சற்றேறக்குறைய 920-ஆம் ஆண்டையொட்டி வெட்டப்பட்ட சாசனங்கள் குடவோலை முறையை விவரிக்கின்றன. தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, உள்ளே எது இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். ஓலை வராதவனை எவரும் தாழ்ந்தவனென்று எண்ணவில்லை. ஒரு வித்தியாசம் மாத்திரம் சொல்லியாக வேண்டும். அந்தக் குடம் ஊருக்கு உழைக்க வேண்டியவன் யார் என்று சொல்லிற்று. இந்தப் பெட்டியோ யாருக்குக் கிடைக்காமற் போகும் என்று சொல்லுகிறது. போதிய நல்ல பள்ளிகள் இருந்தால் பெட்டிக்கே அவசியமில்லை. குலுக்கல் நேர்மையாக நடந்ததென்று சர்க்கார் திருப்தியடைந்து உட்கார்ந்துவிட இடங்கொடுக்கக் கூடாது.

நிற்க. காத்திருக்கும் நாட்களை எவ்வாறு கழிப்பது? வக்கீல் தொழிலிற் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டிருக்கும் வரையில் கட்சிக்காரனுக்கு உணவு செல்லாது; வழக்குத் தோற்ற அன்றிரவோ அவன் உறங்கிவிடுவான். லண்டன் சர்வகலாசாலைக் கல்லூரியார் 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றும் இதையே காட்டுகிறது. 45 பேரைக் கணிப்பொறியின் முன் அமர்த்தி, திரையில் தோன்றும் கல்லுக்கடியில் பாம்பு உண்டா இல்லையா என்று ஊகிக்கச் செய்தார்கள். பாம்பு இருந்தால் கையில் மின்சார அதிர்ச்சி. அதிர்ச்சி நிச்சயம் வருமென்று தெரிந்தபோது இருந்த பதைப்பைக் காட்டிலும், வரலாம் வராமலிருக்கலாம் என்று சரிபாதியாக இருந்தபோதே பதைப்பு உச்சத்தில் நின்றது. ஆகையால் காத்திருக்கும் தாயார் நிலைகொள்ளாமல் தவிப்பது பலவீனமன்று. மனித சரீரத்தின் இயல்பு. ‘எல்லாம் நல்லபடி நடக்கும்’ என்று அவளுக்குச் சொல்லும் ஆறுதல் அந்தப் பாதிச் சந்தேகத்தைச் சிறிதும் குறைப்பதில்லை.

குறைப்பது கணக்கு. ஆரம்ப வகுப்பில் 60 இடமுள்ள பள்ளியில் நூற்றுக்கு 25 என்றால் 15 இடம். மனுச் செய்தவர் 45 பேரானால் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு; கிடைக்காமற் போவதற்கே அதிக இடமுண்டு. இதை முன்னதாகவே வீட்டில் பேசிவிடுவது நலம். ஒரே பள்ளியை நம்பியிராமல், தகுதியுள்ள மற்றப் பள்ளிகளுக்கும் மனுக் கொடுக்க வேண்டும். அருகிலுள்ள சர்க்கார் பள்ளிக்கும் ஒரு நாள் போய்த் தலைமை ஆசிரியரைப் பார்த்து, வகுப்பறையையும் கண்ணாற் கண்டு வரவேண்டும். இரண்டாவது வழி இன்னதென்று தெரிந்துவிட்டால் முதல் வழியின் பயம் பாதியாகும். பார்க்காமலே அந்தப் பள்ளியை இகழ்வோர் பலர். அவர்களுடைய பேச்சே வீட்டிலுள்ள கலக்கத்துக்குப் பெருங்காரணம்.

மனுவைக் கொடுத்தபின் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. இதை நம்ப மனம் ஒப்பாமையால்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். ‘உள்ளே ஆளிருக்கிறது, பத்தாயிரம் கொடுத்தால் சீட்டு வந்துவிடும்’ என்பவன், வந்தால் பணத்தை வைத்துக்கொள்வான், வராவிட்டால் தலைமறைவாவான். தகுதியைச் சரிபார்த்த பெயர்ப் பட்டியலில் குழந்தையின் பெயர் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். தினந்தோறும் பள்ளிக் காவற்காரனை விசாரித்துப் பயனில்லை.

குழந்தைக்கு இதைச் சொல்ல வேண்டுமா? வேண்டாமென்பதே நமது அபிப்பிராயம். அமெரிக்காவில் நியூயார்க் முதலிய இடங்களில் சில பள்ளிகளுக்கு இவ்வாறே பொது மண்டபத்திற் குலுக்கல் நடந்ததை 2010-இல் வந்த இரண்டு செய்திப்படங்கள் காட்டின. தன் பெயர் அழைக்கப்படாத குழந்தை பெற்றோர் மடியிலிருந்து அழுவதைக் கண்டவர்கள், அவர்களை அங்கே அழைத்து வந்ததே கொடுமையென்றார்கள். ‘நீ அந்தப் பெரிய பள்ளிக்குத்தான் போகப் போகிறாய்’ என்று ஆசை காட்டாதிருந்தால், நான்கு வயதுப் பிள்ளைக்கு எந்தப் பள்ளியும் புதுப் பள்ளியே. சீட்டு வராத வீட்டில் ‘இவன் பிறந்த நேரம் அப்படி’ என்று கிழவிகள் பேசுவதுண்டு. அதை அங்கேயே தடுக்க வேண்டும். பெட்டி குழந்தையின் புத்தியையும் பார்க்கவில்லை, ஜாதகத்தையும் பார்க்கவில்லை.

இவ்வளவும் பெற்றோர் செய்யக்கூடியவை. காத்திருப்பின் நீளத்தை நிர்ணயிப்பவர்கள் வேறு. 2025-ஆம் வருஷத்தில் நடந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். வழக்கமாக ஏப்ரலில் தொடங்கும் மனு வாங்குதல் தமிழ்நாட்டில் அவ்வருஷம் தொடங்கவேயில்லை. கல்வி நிதி பற்றி மத்திய சர்க்காருக்கும் மாநில சர்க்காருக்கும் நேர்ந்த பிணக்கே காரணம். இச்சட்டத்தின் கீழ்த் தரவேண்டிய பணத்தைப் புதிய கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லையென்று ஜூன் மாதத்தில் சென்னை ஹைக்கோர்ட்டு கூறிற்று. பள்ளிகள் அதற்குள் திறந்துவிட்டன. சேர்க்கை வேலை தொடங்கியது அக்டோபரில். இடையில் அந்த ஏழைத் தகப்பன் என்ன செய்வான்? கடன் வாங்கிச் சம்பளம் கட்டுவதா, குழந்தையை வீட்டில் வைத்துக்கொள்வதா? இரு சர்க்கார்களும் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டி அறிக்கைகள் விட்டார்கள். அவ்வறிக்கைகளைப் படித்துச் சம்பளம் கட்ட முடியாது.

மனு வாங்கும் நாள், பட்டியல் வெளியிடும் நாள், குலுக்கல் நாள் மூன்றையும் ஜனவரி மாதத்திலேயே விளம்பரப்படுத்த வேண்டுமென்றும், பணத் தகராறு எதுவாயினும் அத்தேதிகள் மாறக்கூடாதென்றும் சட்டசபை அங்கத்தினர்கள் வற்புறுத்த வேண்டும். நமது வாசகர்களில் ஊர்தோறும் சங்கம் நடத்துவோர் அநேகர். குலுக்கல் நாளன்று சங்கத்துக்கு இருவராவது பள்ளிக்குச் சென்று, பெட்டியைக் காலியாகக் காட்டச் சொல்லி, எல்லாப் பெயர்களும் விழுகின்றனவா என்று எண்ணிப் பார்க்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களுக்கு முடிவைப் படித்துச் சொல்லலாம். இடம் கிடைத்த ஒருவர் வராமற்போனால் அடுத்தவர் யார் என்ற வரிசையையும் அன்றே எழுதி வாசற்கதவில் ஒட்டச் சொல்லிக் கேட்கலாம்.