வேட்டைக்காரரின் மறைவிடத்தில் இப்போது யார் உட்காருகிறார்கள்?

கல்யாணில் கசாரா லோக்கல் பிடித்து அட்காவில் இறங்கினால், தான்சா சரணாலயத்துக்கு அங்கிருந்து சாலை வழி. வழக்கமாக மே மாதத்தில் வரும் புத்த பூர்ணிமா இரவில், அந்தக் காட்டின் நீர்நிலைகள் ஓரம் சிலர் மறைந்து உட்கார்ந்திருப்பார்கள். கையில் துப்பாக்கி கிடையாது, நோட்டும் பேனாவும்தான். தண்ணீர் குடிக்க வரும் விலங்குகளை வனத்துறைக்காக எண்ணுகிறார்கள். கோடையில் தண்ணீர் சில இடங்களில்தான் மிஞ்சும். முழுநிலவு இருப்பதால் டார்ச்சும் வேண்டாம்.

அவர்கள் உட்காரும் பரணுக்கு இங்கே 'மச்சான்' என்று பெயர் (நம்ம ஊர் மச்சான் இல்லை!). தரையிலேயே தழை வேய்ந்த மறைவிடமும் உண்டு. சிறுத்தை நடமாடும் காட்டில் ராத்திரிக்குப் பரண்தான் நல்லது. இரண்டுமே வேட்டைக்காரர்களிடமிருந்து வந்தவை.

மறைவிடத்தை எப்படிப் பராமரிப்பது?

முதல் நாள் கட்டி மறுநாள் உட்கார்ந்தால் எதுவும் வராது. சில வாரங்கள் முன்பே கட்டி, விலங்குகள் அதைப் பார்த்துப் பழக விட வேண்டும். பச்சைத் தழை வைப்பது பலர் செய்யும் தப்பு. மே மாதத் தேக்குக் காடு பழுப்பாக இருக்கும், அதில் பச்சைப் புதர் தனியாகத் தெரியும். காய்ந்த தழையே போதும். பின்பக்கம் வெளிச்சம் புகாமல் கறுப்புத் துணி கட்டுங்கள், இல்லாவிட்டால் உங்கள் நிழலுருவம் தெரிந்துவிடும். தரையில் கிடக்கும் சருகைப் பெருக்கிவிடுங்கள், ஒரு சருகு நொறுங்கினால் மான் ஓடிவிடும். பெருக்கும்போதே பாம்பு, தேள் இருக்கிறதா என்றும் பாருங்கள். காற்று தண்ணீர்ப் பக்கமிருந்து உங்களை நோக்கி வர வேண்டும். கொசு மருந்து வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். வெயிலில் கயிற்று முடிச்சு தளரும், மூங்கில் காலைக் கரையான் அரிக்கும். மழைக்காலம் வந்தால் பெரும்பாலும் மறுபடி முதலிலிருந்துதான்.

நாமே கட்டலாமா?

சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் கூடாது. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை மட்டுமல்ல, வேட்டை முயற்சியும் குற்றம். சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

கள்ள வேட்டைக்காரர்களுக்கும் கோடைதான் சீசன், அவர்களும் இதே தண்ணீரைத்தான் தேடி வருவார்கள். மலையேறப் போகும் இடத்தில் நீரோரமாகப் புதிதாக வெட்டிய கிளைகள், உட்காரும் குழி, பீடித் துண்டு, கம்பிச் சுருக்கு கண்ணில் பட்டால் தொடாதீர்கள், பிரிக்காதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு அங்கிருந்து விலகுங்கள். மகாராஷ்டிரா வனத்துறை உதவி எண் 1926.