வடகராவில் மத்தி விலை பூஜ்யம்

1997 ஜனவரி 14. கேரளத்தின் வடகரா கடற்கரையில் 11 மீனவர்கள், பிடித்து வந்த மத்தியை வாங்க ஆளில்லாமல் கொட்டிவிட்டுப் போனார்கள். அதே காலையில், 15 கிலோமீட்டருக்குள் இருந்த வேறு துறைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே கிலோ பத்து ரூபாயைத் தொட்டது. இங்கே சும்மா கொடுத்தாலும் வாங்க நாதியில்லை.

பதினொன்றாம் வகுப்பில் தேவைக் கோட்டையும் அளிப்புக் கோட்டையும் வரைந்து, இரண்டும் வெட்டும் இடம்தான் சமநிலை விலை என்றால் பிள்ளைகள் தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொள்வார்கள். வடகராவில் அளிப்பு இருந்தது, பக்கத்திலேயே தேவையும் இருந்தது, பிறகு கோடுகள் ஏன் வெட்டவில்லை என்று கேட்டால்தான் முழிப்பார்கள். அதற்காகவே இந்த மீனை வகுப்புக்குக் கொண்டுபோகிறேன்.

மத்தி சில மணி நேரத்தில் கெட்டுவிடும். துறையில் வியாபாரம் விடியற்காலை 5 மணிக்குத் தொடங்கி 8 மணிக்குள் முடிந்துவிடும். இங்கே விலை சரியில்லை என்று அடுத்த துறைக்குப் படகை விட்டால் எரிபொருள் செலவு. போய்ச் சேர்வதற்குள் அங்கேயும் கூட்டம் கலைந்திருக்கும். அதனால் வருவது வரட்டும் என்று பெரும்பாலானவர்கள் சொந்தத் துறையிலேயே கரையேறினார்கள்.

1997-க்கும் 2001-க்கும் இடையில் கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு மாவட்டங்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் கைப்பேசி வந்தது. கோபுரங்கள் கரையோரம் நின்றதால் கடலுக்குள் 20, 25 கிலோமீட்டர் வரை சிக்னல் கிடைத்தது. மீனவர் படகில் இருந்தபடியே இரண்டு மூன்று துறைகளில் விலை கேட்டார். விலை வித்தியாசம் எரிபொருள் செலவுக்கு மேல் நிற்குமா என்று பார்த்தார். நின்றால் படகைத் திருப்பினார். இறுதிநிலைச் செலவு, இறுதிநிலை வருவாய் என்று நாங்கள் ஒரு வாரம் நடத்துகிற பாடம், நடுக்கடலில் ஒரு போன் பேச்சில் முடிந்துவிட்டது.

ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் இந்தக் கரையின் 15 துறைகளை வாராவாரம் கணக்கெடுத்து, முடிவை 2007-இல் வெளியிட்டார். துறைக்குத் துறை இருந்த விலை வித்தியாசம் வெகுவாகச் சுருங்கியது. முன்பு 5 முதல் 8 சதவீதம் வரை வீணான மீன், அநேகமாக வீணாகவே இல்லை. மீனவரின் லாபம் 8 சதவீதம் ஏறியது. மக்கள் வாங்கிய விலை 4 சதவீதம் இறங்கியது.

“விலை இறங்கினா லாபம் எப்படி சார் ஏறும்?” எல்லா வருடமும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்கள், கேட்கவும் வேண்டும். கொட்டிய மீனுக்கும் வலை இழுத்திருக்கிறார்கள், எரிபொருள் எரித்திருக்கிறார்கள். அந்தச் செலவு முன்பே ஆகிவிட்டது. இப்போது அந்த மீனும் விற்கிறது என்றால், கிலோவுக்குச் சில காசு குறைந்தாலும் வந்ததெல்லாம் மிச்சம்தான்.

கைப்பேசியில் விலை தெரிவதையே எல்லாவற்றுக்கும் மருந்தாக்கிவிடக் கூடாது. மகாராஷ்டிர விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியில் சந்தை விலையை அனுப்பிப் பார்த்த ஆய்வு ஒன்று 2012-இல் வந்தது. அவர்களுக்குக் கிடைத்த விலை சொல்லிக்கொள்ளும்படி உயரவில்லை. என்ன காரணமாக இருக்கும் என்று வகுப்பில் கேட்டேன்.

“முன்பணம் குடுத்த மண்டிக்காரரை விட்டுட்டு வேற எங்க சார் கொண்டுபோறது?” என்றான், அப்பா தக்காளி பயிரிடும் ஒரு பையன்.