கர்ப்பப்பையை எடுத்துத்தான் ஆகணுமா?

அவனியாபுரத்தில் கலவைச் சட்டி சுமக்கும் சித்தாளுக்கும், வயலில் நாளெல்லாம் குனிந்து நிற்பவருக்கும், நாலு பிள்ளை பெற்று வீட்டோடு இருப்பவருக்கும் வரக்கூடிய பிரச்சினை இது. ஆனால் "கர்ப்பப்பை இறங்கிருச்சு" என்று வாய்விட்டுச் சொல்வதற்குள் பல வருடங்கள் ஓடிவிடுகின்றன. செங்கல்பட்டு வட்டாரத்து ஏழைப் பெண்களிடம் பேசி, டி.கே. சுந்தரி ரவீந்திரனும் ரூவ்செக் என்ற கிராமப் பெண்கள் அமைப்பினரும் 1999-ல் வெளியிட்ட ஆய்விலும் இதே கதைதான். வலியோடு வேலைக்கும் போய், கணவனுக்கும் ஈடுகொடுத்து, யாரிடமும் சொல்லாமல் அந்தப் பெண்கள் காலம் தள்ளியிருக்கிறார்கள்.

கடைசியில் டாக்டரிடம் வந்ததும் பலர் கேட்பது, "எடுத்துடுங்கம்மா" என்பதைத்தான். அந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பழுதானது கர்ப்பப்பை அல்ல. அதைத் தாங்கும் தசைகளும் தசைநார்களும்தான். பிரசவம், மாதவிடாய் நிற்பது, தீராத இருமல், மலச்சிக்கல், பாரம் தூக்குவது எல்லாம் அவற்றைத் தளர்த்துகின்றன. கூடவே மூத்திரப்பையும் மலக்குடலும் சரியலாம். கர்ப்பப்பையை எடுத்த பிறகும், தாங்கல் சரியாக அமையாவிட்டால், யோனியின் மேல்முனை இறங்கிவிடலாம்.

பிள்ளை பெறும் வயதில் இறக்கம் கண்ட பெண்களுக்காகக் கர்ப்பப்பையைத் தூக்கிக் கட்டும் முறைகளை உருவாக்கியவர்களில் நம் நாட்டு மருத்துவர்களும் உண்டு. பம்பாயின் வி.என். ஷிரோத்கர், கர்ப்பப்பை வாயை ஒரு நாடாவால் முதுகுத்தண்டின் அடி எலும்போடு பிணைத்தார். புரந்தரே பெயரால் வழங்கும் முறையில் வயிற்றின் முன்சுவரோடு கட்டுவார்கள். உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் படிக்கும் பெயர் ஷிரோத்கர். நம் பெண்களுக்குத்தான் இப்படியொரு வழி இருப்பதே தெரியவில்லை என்பது எனக்குத் தாளாத வருத்தம்.

மாதவிடாய் நின்றவர்களுக்கு யோனி வழியாகக் கர்ப்பப்பையை எடுத்து, சரிந்த சுவர்களைத் தைத்து, மேல்முனையை இடுப்புத் தசைநாரில் நிறுத்துவது வழக்கம். மிகவும் முதியவர், தாம்பத்தியம் தேவையில்லை என்பவர் என்றால், யோனியையே பெரும்பாலும் மூடித் தைக்கும் எளிய அறுவையும் உண்டு.

"மெஷ்" எனும் செயற்கை வலையை யோனி வழியாக வைப்பதாகச் சொன்னால் காரணம் கேளுங்கள். வலை அரித்து வெளியே வருவதும் தீராத வலியும் பல நாட்டுப் பெண்களை வதைத்தன. இறக்கத்துக்காக அப்படி வைக்கும் வலைகளின் விற்பனையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 ஏப்ரலில் நிறுத்தியது. வயிற்று வழியாக அடி எலும்போடு பிணைக்கும் வலை இந்தத் தடையில் சேராது.

ஆரம்ப நிலையில் இடுப்புத்தளப் பயிற்சியே போதுமானதாக இருக்கலாம். அறுவை வேண்டாம் என்பவருக்கு, யோனிக்குள் வைத்துக் கர்ப்பப்பையைத் தாங்கும் பெசரி வளையம் இருக்கிறது.

அவனியாபுரத்திலிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனை டவுன் பஸ்ஸில் போகும் தூரம்தான். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எந்த அறுவை அடங்கும் என்று அங்கேயே விசாரிக்கலாம். தையல் ஆறும்வரை, சுமார் ஆறு வாரம், பாரம் தூக்கக் கூடாது. அதுவரை தண்ணீர்க் குடத்தை யார் தூக்குவது, போகும் கூலிக்கு என்ன வழி என்பதை, ஆபரேஷனுக்குத் தேதி வாங்கும் அன்றே புருஷனும் பிள்ளைகளும் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும்.