மேசைக்கணினிச் செயலியில் பயனர் நுழைவு: தமிழ் எழுத்துகளை ஒப்பிடுவதில் எழும் சிக்கல்

செயலி தொடங்கும்போதே பயனரை அடையாளம் காண வேண்டுமெனில், நுழைவுச் சாளரத்தில் சரிபார்ப்பு முடிந்த பின்னரே முதன்மைச் சாளரம் உருவாக்கப்படுதல் வேண்டும். முன்பே உருவாக்கி மறைத்து வைப்பது தவறான வழக்கம்; தரவு அதற்குள் நினைவகத்தில் ஏறிவிடக்கூடும். இது எளிதில் திருத்தத்தக்கது. தமிழில் உள்ளீடு பெறும்போதுதான் உண்மையான இடர் தொடங்குகிறது.

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள வேங்கிக்கால், அதே மாவட்டத்துப் போளூர் ஆகியவற்றைப் பயனர்பெயர்களாகக் கொள்வோம். முன்னதற்கு ஒருங்குறியில் ஒரே குறியீட்டு வரிசைதான். 'போ' என்பதையோ பகரத்துடன் ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டைச் சேர்த்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் யூடிஎஃப்-8 முறையில் 'போளூர்' முதல் வடிவில் 18 பைட்டு, இரண்டாவதில் 21 பைட்டு. கடவுச்சொல்லாயின் நிலை இன்னும் கடினம். சேமிக்கப்படுவது அதன் சுருக்க மதிப்பே. ஒரு பைட்டு மாறினும் அம்மதிப்பு முற்றிலும் மாறிவிடும். திரையில் தெரிவன வெறும் புள்ளிகளாதலால், பயனர் தம் நினைவாற்றலையே ஐயுறுவார்.

எனவே, பதியும்போதும் நுழையும்போதும் என்எஃப்சி இயல்பாக்கம் செய்த பின்னரே ஒப்பிடுதல் வேண்டும். 2017-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 8265 பயனர்பெயர், கடவுச்சொல் இரண்டிற்கும் இதையே வகுக்கிறது. ஆயினும் 'ஸ்ரீ' எழுத்தின் இருவேறு குறியீட்டு வரிசைகளை இவ்வியல்பாக்கம் ஒன்றாக்குவதில்லை. அதற்குச் செயலியே தனி விதி வகுத்துக்கொள்ள வேண்டும்.