எழுதவும் வரையவும் ஏற்ற பென்சில் எது?

செய்முறை வடிவியலில் ஒரு முக்கோணத்தின் சுற்றுவட்ட மையத்தைக் காண்கிறோம். மூன்று பக்கங்களின் மையக்குத்துக்கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். ஆனால் தாளில் பல சமயம் அவை சந்திப்பதில்லை. நடுவே ஒரு குட்டி முக்கோணம் வந்து உட்கார்ந்துகொள்கிறது! தேற்றத்தில் பிழை இல்லை. பென்சில் முனை மழுங்கி, கோடு தடித்துப்போவது இதற்கு ஒரு முக்கிய காரணமாகும்.

மரப் பென்சிலின் முனை கூம்பு வடிவமானது. தேயத் தேயக் கோட்டின் அகலம் கூடும். மைக்ரோ டிப் பென்சிலின் லெட்டோ மெல்லிய உருளை. எவ்வளவு தேய்ந்தாலும் அதன் விட்டம் மாறாது, சீவவும் வேண்டாம். ஆனால் கடையில் பல வகைகள் கிடைக்கின்றன. எதை வாங்குவது? அதன் அமைப்பை அறிந்துகொண்டால் விடை எளிதில் கிடைக்கும்.

உள்ளே நடப்பது என்ன?

பென்சிலின் உள்ளே மூன்று தாடைகள் கொண்ட ஒரு சிறு பிடி உண்டு. அதைச் சுற்றி ஒரு வளையமும், பின்னால் ஒரு சுருள்வில்லும் உள்ளன. பொத்தானை அழுத்தினால் பிடி லெட்டைக் கவ்வியபடியே முன்னே நகரும். சற்றுத் தூரத்தில் வளையம் தடுக்கப்பட்டு நின்றுவிடும். உடனே தாடைகள் விரிந்து லெட்டை விட்டுவிடும். விரலை எடுத்ததும் பிடி பின்னுக்கு வரும். அப்போது லெட்டும் கூடவே திரும்பாதபடி, நுனிக்குள் இருக்கும் சிறு ரப்பர் துண்டு அதைப் பிடித்துக்கொள்கிறது. கடைசித் துண்டு லெட்டைத் தாடைகள் எட்டிக் கவ்வ இயலாது. எனவே ஒவ்வொரு லெட்டிலும் ஒரு சிறு பகுதி வீணாவது இயல்பே.

‘லெட்’டில் ஈயம் இல்லை

லெட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈயம் என்று பொருள். ஆனால் பென்சிலில் ஈயம் இல்லை. இருப்பது கார்பனின் ஒரு வடிவமான கிராஃபைட். கிராஃபைட் தூளுடன் களிமண்ணைக் கலந்து சுடும் முறைக்கு 1795-இல் பிரான்சின் கான்டே காப்புரிமை பெற்றார். களிமண் மிகுந்தால் லெட் கடினமாகும். அது எச் வகை. கிராஃபைட் மிகுந்தால் மென்மையும் கருமையும் கூடும். அது பி வகை. எச்.பி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது.

இயந்திரப் பென்சிலுக்கு இங்கிலாந்தில் மார்டன், ஹாக்கின்ஸ் என்னும் இருவர் 1822-இலேயே காப்புரிமை பெற்றனர். ஆயினும் களிமண் கலந்த லெட்டை மிக மெல்லியதாகச் செய்தால் எளிதில் ஒடிந்துவிடும். களிமண்ணுக்குப் பதிலாகச் செயற்கைப் பிசினைக் கலந்து சுட்ட லெட்டை 1960-இல் ஜப்பானின் பென்டெல் நிறுவனம் வெளியிட்டது. சூட்டில் பிசினும் கார்பனாகி, கிராஃபைட்டை இறுகப் பிணைக்கிறது. இன்றைய மெல்லிய லெட்டுகள் இவ்வழியில் வந்தவையே.

லெட் ஏன் ஒடிகிறது?

எழுதும்போது வெளியே நீண்டிருக்கும் லெட் வளைக்கப்படுகிறது. வளைவைத் தாங்கும் வலிமை விட்டத்தின் கனத்தை, அதாவது விட்டம் × விட்டம் × விட்டம் என்னும் அளவைப் பொறுத்தது. 0.3, 0.5, 0.7 என்று பெட்டியில் போட்டிருந்தாலும் லெட்டுகளின் உண்மையான விட்டம் முறையே ஏறத்தாழ 0.38, 0.56, 0.69 மி.மீ. ஆகும். கணக்கிட்டுப் பாருங்கள். ஒரே பொருளால் ஆனவை என்றால், 0.5 லெட் 0.3 லெட்டைப்போல் சுமார் 3 மடங்கு வலிமை உடையது. 0.7 லெட்டோ 0.5 லெட்டைப்போல் ஏறக்குறைய 2 மடங்கு வலிமை உடையது.

நீளத்துக்கும் இதில் பங்கு உண்டு. லெட்டை இரு மடங்கு நீட்டினால் வளைக்கும் விளைவும் இரு மடங்காகும். ஆகவே 0.7 லெட்டை இரு மடங்கு நீட்டி எழுதினால், தடிமனால் கிடைத்த நன்மை முழுவதும் போய்விடும்! ஒன்றிரண்டு அழுத்தங்களுக்கு மேல் லெட்டை வெளியே விடாதீர்கள்.

வரைய ஒன்று, எழுத ஒன்று

வரைவதற்கான பென்சிலின் நுனியில் சுமார் 4 மி.மீ. நீளமுள்ள உலோகக் குழாய் அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். அளவுகோலின் விளிம்பில் குழாய்தான் உரசும், லெட் உரசாது. கோடு தொடங்கும் புள்ளியும் நன்றாகத் தெரியும். இதற்கு 0.5 பென்சிலும் எச் அல்லது 2எச் லெட்டும் பொருந்தும். மிகக் கடினமான லெட்டை அழுத்தி வரைந்தால் தாளில் பள்ளம் விழும். அழித்தாலும் தடம் போகாது.

ஆனால் இந்த நீண்ட குழாய் கீழே விழுந்தால் வளைந்துவிடும், சட்டைப்பையையும் கிழிக்கும். அன்றாடம் எழுதக் குட்டையான கூம்பு நுனியோ, உள்ளே தள்ளிக்கொள்ளும் குழாயோ நல்லது. அழுத்தி எழுதுவோர் 0.7 பென்சிலையும் எச்.பி. லெட்டையும் கொள்ளலாம். இரண்டுக்கும் ஒரே பென்சில்தான் வாங்க முடியும் என்றால், உள்ளிழுக்கும் குழாயுள்ள 0.5 பென்சில் போதுமானது.

கடையிலேயே சோதியுங்கள்

1. நுனியை விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடினால் கோடும் ஆடும்.

2. லெட்டைச் சிறிது நீட்டி, பென்சிலைச் செங்குத்தாகத் தாளில் அழுத்துங்கள். லெட் உள்ளே நழுவினால் பிடி சரியில்லை.

3. பத்து முறை அழுத்தி, வெளிவந்த லெட்டின் நீளத்தை அளந்து பத்தால் வகுங்கள். இதே சோதனையை மூன்று முறை செய்யுங்கள். விடை ஒரே அளவாக வந்தால் உள்ளமைப்பு நம்பகமானது.

4. பென்சிலில் உள்ள எண்ணும் லெட் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். 0.7 பென்சிலில் 0.5 லெட் நழுவும், 0.5 பென்சிலில் 0.7 லெட் நுழையாது.

இந்தச் சோதனைகளில் தேறிய மலிவான பென்சில், தேறாத விலையுயர்ந்த பென்சிலைவிட மேலானது. இப்போது உங்கள் பெட்டியில் இருக்கும் பென்சிலையே எடுத்து, மூன்றாவது சோதனையைச் செய்து பாருங்களேன்!