திறந்த கூரையின் விலை

கூரையைத் திறந்து மூடும் வசதி கொண்ட கார் பொருளியல் நோக்கில் ஒரு புதிர். அதே வகையைச் சேர்ந்த மூடிய காரைவிடப் பெரும்பாலும் அதன் விலை அதிகம், உள்ளிடம் குறைவு. காரின் கூரை நிழல் தருவதற்கு மட்டுமானதன்று. வண்டியின் உறுதிக்கும் துணை நிற்பது. அதை நீக்கினால் அடித்தளத்தை வலுப்படுத்த வேண்டும். அதனால் எடை கூடும். குறைவானதைப் பெற அதிகம் கொடுப்பது ஏன்?

ஒரு காலத்தில் நிலைமை நேர்மாறாக இருந்தது. மோட்டார் வாகனங்களின் தொடக்க ஆண்டுகளில் திறந்த காரே மலிவானது. மூடிய கார் செல்வந்தர்க்கு உரியது. அமெரிக்காவில் 1919-இல் விற்பனையான கார்களில் மூடியவை ஏறத்தாழ 10 விழுக்காடு. 1927-இல் அவை 85 விழுக்காட்டை எட்டின. பெருமளவு உற்பத்தியால் மூடிய காரின் விலை இறங்கியதும், திறந்த கார் அரிதாகி ஆடம்பரமாயிற்று.

இந்தியாவில் இத்தகைய கார்களுக்குப் பெரிய சந்தை என்றும் இருந்ததில்லை. கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம் என்ற இரு இருக்கைக் கார் நிலைபெறவில்லை. 2020-இல் வந்த புதிய மஹிந்திரா தார் வாகனத்தில் மடிக்கக்கூடிய துணிக்கூரை கொண்ட வகையும் இடம்பெற்றபோது, நடுத்தரக் குடும்பத்து இளைஞர்களுக்கும் அந்த ஆசை கைக்கெட்டும் தொலைவில் வந்தது. மாதத் தவணையும் உடன் வந்தது.

அந்த ஆசை பொய்யானதன்று. மார்கழி விடியலில் வில்லாபுரத்திலிருந்து அவனியாபுரம் வழியாக விமான நிலையச் சாலையில் கூரையைத் திறந்து செல்வது இன்பமே. ஆனால், ஆண்டில் அத்தகைய பொழுதுகள் எத்தனை? சித்திரை, வைகாசியில் நண்பகல் வெயில் 40 டிகிரியை ஒட்டி நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. எஞ்சிய நாள்களில் புழுதியும் பேருந்துப் புகையும் உண்டு. உண்மையில் நாம் வாங்குவது, வேண்டும்போது திறந்துகொள்ளலாம் என்ற தேர்வுரிமையை. அரிதாகப் பயன்படுத்தினாலும் அதற்கு மதிப்பு உண்டு. அம்மதிப்பைச் சரியாகக் கணிப்பதுதான் கடினம்.

அமெரிக்காவில் நான்கு கோடிக்கும் மேற்பட்ட வாகன விற்பனைகளை ஆராய்ந்து, 2015-இல் மேகன் பஸ்ஸே உள்ளிட்ட நால்வர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வழக்கத்தைவிட வெயிலும் வெப்பமும் மிகுந்த நாளில் கூரை திறக்கும் கார்களும், பனி பொழிந்த நாள்களை ஒட்டி நான்கு சக்கர இயக்க வாகனங்களும் கூடுதலாக விற்பனையானதை அவர்கள் கண்டனர். பல ஆண்டுகள் ஓட்டவேண்டிய வண்டியை அன்றைய வானிலை தேர்ந்தெடுத்திருக்கிறது! இன்றைய மனநிலையே நாளையும் நீடிக்கும் என்று கருதும் இப்பிழை, வீடு, நிலம், நகை என எல்லாக் கொள்முதலிலும் நம்மைத் தொடர்கிறது.

குளிர்நாட்டவர்க்கு வெயில் எப்படியோ, அப்படியே நமக்கு மாலைத் தென்றல். ஆகவே, மனம் குளிர்ந்த மாலையில் முன்பணம் கட்டிவிட வேண்டாம். பங்குனி நண்பகலில் ஒருமுறை அதே வண்டியை ஓட்டிப் பாருங்கள். கடந்த ஓராண்டில் கூரையைத் திறந்திருக்கக்கூடிய நாள்களை எண்ணி, கூடுதல் விலையையும் வட்டியையும் அவற்றால் வகுத்துப் பாருங்கள். கிடைக்கும் தொகை நியாயமாகத் தோன்றினால் தயங்காமல் வாங்கலாம். மகிழ்ச்சிக்காகச் செலவிடுவது வீண்செலவன்று. எவ்வளவு செலவிடுகிறோம் என்று அறியாமல் செலவிடுவதே வீண்.