ஒலியால் உள்ளே நோக்கும் உத்தியோகம்

1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவிய காலந்தொட்டுக் மலேசியாவின் கேமரன் மலைச் சரிவுகளில் கொழுந்து கிள்ளி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களில், எஸ்.பி.எம். என்னும் பள்ளியிறுதிப் பரீட்சையை முடித்துவிட்டு அடுத்த வழி தேடி நிற்கும் பிள்ளைகளுக்கு, டாக்டர், தாதி என்னும் இரண்டுக்கும் அப்பால் ஆஸ்பத்திரியில் கௌரவமான வேறு உத்தியோகங்களும் உண்டென்று எடுத்துரைப்பார் மிகச் சிலரே. அவற்றுள் ஒன்று, 'ஸ்கேன்' என்று நாம் வழங்கும் அல்ட்ராசவுண்ட் பரிசோதனையைச் செய்யும் பணி.

மனிதச் செவி வினாடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகள் வரையில்தான் கேட்கும்; இக்கருவியின் ஒலியோ 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அதிர்வுகளை உடையது. அது உடலுக்குள் சென்று, உறுப்புகளின் எல்லைகளில் பட்டுத் திரும்புவதைக் கணினி சித்திரமாக்குகிறது. கிளாஸ்கோ நகரத்துப் பிரசவ வைத்தியர் இயன் டொனால்டு, தம் சகாக்களுடன் 1958-இல் 'லான்செட்' சஞ்சிகையில் இதன் பிரயோகத்தை விவரித்தார். எக்ஸ்ரே கதிர் இதில் இல்லையாதலால் கர்ப்பிணிகளுக்கு இது பெரிதும் உகந்ததாயிற்று. ஆனால் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும்: கருவியைப் பிடித்த கை எந்தக் கோணத்தில் நின்றதோ அந்தக் கோணத்தில் அகப்பட்டதே சித்திரம்; அந்தக் கை காணாமல் விட்டதை, பிறகு படத்தைப் பார்க்கும் நிபுணர் எத்துணை மேதையாயினும் அதில் கண்டெடுக்க இயலாது. இப்பணியின் பெருமையும் பொறுப்பும் அதில்தான் இருக்கின்றன.

மலேசியாவில் இதற்கு வழக்கமான வழி, மருத்துவப் படிமவியலில் டிப்ளோமாவோ, தேசியப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் பட்டமோ பெற்று, முதலில் ரேடியோகிராபராகி, பின்னர் அல்ட்ராசவுண்டில் தனிப்பயிற்சி பெறுவதே. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இது தனித்தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. இந்தியாவிலோ, பெண் கருவை அழிக்கும் கொடுமையைத் தடுக்க 1994-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, கர்ப்பிணிக்கு ஸ்கேன் செய்யும் உரிமை தகுதிபெற்ற டாக்டர்களுக்கே உரியது; தமிழ்நாட்டுக்குச் சென்று படிக்க நினைப்போர் இதை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

சிரமங்களை மறைப்பது தர்மமன்று. நாள் முழுதும் கையை நீட்டிக் கருவியை அழுத்திப் பிடிப்பதால் தோளும் மணிக்கட்டும் நோகும். சிசுவின் இதயத் துடிப்பைக் காணாத வேளையில், தாயின் முகத்தெதிரே கலங்காமல் அமர்ந்திருக்கவும் பழகவேண்டும். அத்தகைய தருணத்தில், கேமரன் மலையின் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு வரும் தோட்டத்துப் பெண்ணிடம் தமிழில் பேசக்கூடிய ஒருவர் அருகிலிருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆகவே நான்காம் படிவத்தில் பாடங்களைத் தெரிவு செய்கையிலேயே, இப்பணிக்கு அடிப்படையான ஒலியைக் கற்பிக்கும் பௌதிகத்தைக் கடினம் என்றஞ்சித் தள்ளிவிடாதபடி பெற்றோர் பிள்ளைகளுக்குத் துணைநிற்க வேண்டும்.